நீ எடுத்துப்போன பன்னிரண்டு சோழி

கண்ணு, போன ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீ சாமி மாடத்திலிருந்து சோழிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கேட்டால் தரமாட்டேன் என்று உனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை சோமனூரில் நீ வாடகைக்குப் பிடித்திருக்கிற மாடி அறையில் அந்தப் பன்னிரண்டையும் பலகையில் உருட்டி, ஏறி வருகிறவர்களுக்குப் பலன் சொல்லப் போகிறாய். அதற்கு முன்னால் அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு எழுதப் படிக்க வராது. காரமடையில் மனு எழுதிக் கொடுக்கிற பாய் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சை ஒழுங்கு தமிழாக்கிப் போடுகிறேன் என்றார், சரி என்றேன். மற்றவர்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசின மாதிரியே போடச் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ இரண்டு பேச்சுக்குமேல் என்னைப் பேச விட்டதில்லை. இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் இல்லை. என்னிடம் சோழி கேட்டுப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள், யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

நீ போட்ட வீடியோவை டீக்கடைக்காரர் எனக்குக் காட்டினார். சோழிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, இது எங்கள் அப்பா கை பட்ட சோழி, கையில் எடுத்ததுமே கனம் தெரிகிறது, அந்தக் கனம்தான் சக்தி என்று சொல்கிறாய். பின்னால் என் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டி, மூன்று தலைமுறையாகச் சோழிப் பிரசன்னம் என்று எழுதியிருக்கிறாயாம். டீக்கடையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் தாத்தா சோழியைப் பார்த்ததெல்லாம் மாட்டின் கழுத்துப் பட்டையில்தான். அது கடலில் ஊர்கிற ஒரு சின்ன நத்தையின் ஓடு என்பதுகூட அவருக்குத் தெரியாமலே செத்துப்போனார். தொடங்கியது நான் ஒருவன்தான். நான் மாட்டுத் தரகன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவன். ஒரு மயிலைக் காளை முழங்காலில் உதைத்து எட்டு மாதம் வீட்டில் படுக்கப் போட்டது. மாட்டுத் தாவணி என்கிற சந்தைகளில் பாலக்காட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் மரத்தடியில் சோழி போட்டுப் பலன் சொல்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பார்த்தால் எனக்கு மறக்காது. அவர் கை ஆடுவது, சோழி விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது, எல்லாமே மனதில் அப்படியே இருந்தது. கோயமுத்தூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் விட்டுப் பன்னிரண்டு சோழி வாங்கிவரச் சொன்னேன். மஞ்சளோடிய சின்னச் சோழி, முதுகு வழவழவென்று, வயிற்றுப் பக்கம் பல் வைத்த கீறல். அந்தக் கீறலைத்தான் வாய் என்போம். ஏழும் அதற்கு மேலும் வாய் மேலே பார்த்து விழுந்தால் நல்லது. ஆறும் அதற்குக் கீழும் என்றால் கெட்டது. என் வித்தை அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு வருடம் நான் யோக்கியமாகத்தான் போட்டேன். விழுந்ததைச் சொன்னேன். அந்தச் சமயத்தில் பெள்ளாதிப் பக்கத்துக் கவுண்டர் ஒருவர் வந்து, போர் போட வண்டி வரச் சொல்லிவிட்டேன், தண்ணீர் வருமா என்று கேட்டார். நாலே நாலு வாய் திறந்தது. வராதுங்க என்றேன். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதே வண்டி பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் போய் நின்றது, நானூறு அடியில் தண்ணீர் பீச்சி அடித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையில் பத்துப் பேர் நடுவில் அவர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. நம் ஊர்க்காரர்கள் வைவதும் மரியாதையோடுதானே. "ஏனுங்க சோழிக்காரரே, உங்க சோழி எனக்குன்னா மட்டும்தான் வாயை மூடிக்குமுங்களா? பக்கத்துக் காட்டான் உங்களுக்குக் காபி வாங்கிக் குடுத்தானுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு ஆள் வரவில்லை. கால் ஊனம், தரகும் சரியாக ஓடவில்லை. அப்போது உன் அக்கா பூங்கொடிக்கு நாலு வயது, நீ உன் அம்மா வயிற்றில் இருந்தாய்.

அந்த மூன்று மாதத்தில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் வந்துபோன ஒவ்வொருத்தரையும், என்ன கேட்டார்கள், எத்தனை விழுந்தது, பிறகு என்ன ஆயிற்று என்று மனதுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். நல்லது என்று சொல்லிப் பொய்த்துப்போன இடத்தில் ஒருத்தர்கூடத் திரும்பி வந்து என்னைக் கேட்டதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு நல்லது என்று சொன்னேன். அந்தப் பெண் ஆறே மாதத்தில் துணிப்பையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த அம்மா வழியில் என்னைப் பார்த்தபோது, முகூர்த்தக்கால் நட்ட நேரம் சரியில்லைங்க என்று தன்னைத்தான் நொந்துகொண்டாள். கெட்டது என்று சொல்லிப் பொய்த்துப்போனால் சண்டைக்கு வருகிறார்கள். நல்லது பொய்த்தால் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டவன் என்ன செய்வான் என்று நீயே யோசித்துப் பார். உனக்கும் இரண்டொரு மாதத்தில் இது தெரிந்துவிடும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

நகை செய்கிற ஒரு பத்தர் பட்டறையில் இருந்து அரக்கும், கொஞ்சம் ஈயத்தூளும் வாங்கி வந்தேன். உன் அம்மா பிரசவத்துக்குப் போயிருந்தாள். கரண்டியில் அரக்கைக் காய்ச்சி ஈயத்தைக் கலந்து, எட்டுச் சோழிக்கு வாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, முதுகு கீழே இருக்கும்படி தவிட்டில் புதைத்து ஆற வைத்தேன். நத்தை குடியிருந்த பொந்து ரொம்பச் சின்னது, சீக்கிரம் நிரம்பிவிட்டது. முதுகு கனத்துவிட்டால் சோழி எப்படி எறிந்தாலும் மல்லாந்துதான் விழும், வாய் மேலேதான் பார்க்கும். நாலை மட்டும் அப்படியே விட்டேன். பன்னிரண்டும் எந்நேரமும் வாய் திறந்தால் சந்தேகம் வருமல்லவா. எட்டு எப்போதும் திறக்கும். மிச்சம் நாலு அதன் இஷ்டத்துக்கு விழும். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஆளுக்கொரு கணக்காக வரும், ஆனால் ஏழுக்குக் கீழே இறங்கவே இறங்காது. என்னிடம் கெட்ட பலன் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. கையில் எடுத்துப் பார்த்தால் கனம் தெரிந்துவிடுமே என்று ஒரு பயம் இருந்தது. அதற்காக ஒரு சட்டம் போட்டேன். இந்தச் சோழியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது, அதிலும் பெண்கள் கை பட்டால் வாக்குப் பொய்த்துப்போகும் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். எந்தச் சாமியும் சொன்னதில்லை அது. ஈயத்தை மறைக்க நான் சொன்னது. உன் வீடியோவில் கடைசியில் அதையும் சொல்கிறாய், பெண்கள் தொடக்கூடாது என்று.

கூட்டம் வந்தது. சிறுமுகை, அன்னூர், பவானியில் இருந்துகூட வந்தார்கள். மோட்டார் கம்பெனி வைத்திருக்கிறவர்கள் கார் போட்டு வந்தார்கள். மனிதர்களுக்கு ஆறுதல்தானே சொல்கிறேன், இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு வருடம் அதை நம்பவும் செய்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை நீ உட்கார்ந்து படி. உன் அக்கா மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மூளைக் காய்ச்சல் இல்லை. அவளுக்கு எட்டு வயது, நீ நாலு வயதுக் குழந்தை. நான் அந்தியூர்ப் பக்கம் மாட்டுத் தாவணிக்குப் போயிருந்தேன், நாலு நாள் வேலை. அங்கே நான் தரகன்தான், சோழியை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். நான் போன மறுநாள் காலையில் பூங்கொடி வயிறு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தொப்புளைச் சுற்றி வலித்தது வலப்பக்கம் இறங்கி, காலை நீட்டவே முடியவில்லை. வாந்தி வேறு. எதிர் வீட்டு ராமாத்தாள் வந்து பார்த்துவிட்டு, பத்து மணி பஸ்ஸுக்கு மேட்டுப்பாளையம் கூட்டிப் போய்விடலாம், நானும் கூட வருகிறேன் என்று சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தடுமாறியிருக்கிறாள். டாக்டரிடம் போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு பயம் உண்டு, அவளுடைய சின்னம்மா ஒருத்தி அப்படிப் போனவள். ஊரே வந்து கேட்டுப்போகிற சோழி வீட்டிலேயே இருக்கிறது, நான் போட்ட சட்டமும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரம் மாடத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, கை கால் கழுவி, பையை அவிழ்த்திருக்கிறாள்.

பதினொன்று திறந்தது. நம்பாமல் மறுபடியும் போட்டாள், ஒன்பது. மூன்றாம் தடவை பத்து. ராமாத்தாளை வெளியே வந்து, ஒன்றும் ஆகாது என்று சோழி சொல்லிவிட்டது, நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டாள். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள். அன்று முழுக்கக் குழந்தை முனகிக்கொண்டே கிடந்தாள். மறுநாள் மத்தியானம் வலி சட்டென்று நின்றுவிட்டது. பூங்கொடி எழுந்து உட்கார்ந்து, வலிக்கலம்மா, தண்ணி வேணும் என்றாளாம். உன் அம்மா ஓடிப்போய் மாடத்தில் கற்பூரம் ஏற்றினாள். வலி நின்றது குணமானதால் இல்லை. உள்ளே பழுத்துக் கிடந்தது வெடித்துவிட்டது, வெடித்ததும் கொஞ்ச நேரம் வலி விடும், பிறகு உடம்பெல்லாம் விஷம் பரவும் என்று பிற்பாடு நான் போய்க் கேட்ட ஒரு டாக்டர் சொன்னார். முந்தின நாள் பத்து மணி பஸ்ஸில் ஏற்றியிருந்தால் தையலோடு ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்திருப்பாள் என்றும் சொன்னார். சாயங்காலம் வயிறு பலகை மாதிரி ஆகி, உடம்பு கொதித்து, கண் மேலே சொருகியது. ராமாத்தாளின் புருஷன் தக்காளி ஏற்றுகிற டெம்போவைக் கொண்டுவந்து, கோயமுத்தூருக்கு ஓட்டினார். துடியலூர் தாண்டும்போது உன் அம்மா மடியிலேயே பூங்கொடி போய்விட்டாள்.

எனக்குத் தகவல் வந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது முற்றத்தில் படுக்க வைத்திருந்தார்கள். பச்சைப் பாவாடை, போன தீபாவளிக்கு எடுத்தது. உன் அம்மா அழவில்லை. எழுந்து என் எதிரில் வந்து நின்று, ஒரு கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "மூணு வாட்டி போட்டனுங்க. பதினொண்ணு, ஒம்போது, பத்து. வாயைத் தெறந்துதானுங்க உழுந்துச்சு. நல்லாயிருவான்னுதானுங்களே அர்த்தம்?" அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்திருப்பார்கள்? அடித்திருப்பார்கள், காறித் துப்பியிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நாந் தொட்டுப்போட்டனுங்க. நீங்க தொடாதேன்னு சொல்லியும் தொட்டுப்போட்டேன். அதுதான் பொய்யாப் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். சுற்றிலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான், "தொட்டிருக்கக் கூடாது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கண்ணு, நான் பேசிய பேச்சில் ஈயத்தைவிடக் கனமானது அதுதான். சோழிக்குள் அரக்கை ஊற்றினபோது எனக்கு இப்படி ஆகும் என்று தெரியாது, அதற்கு ஒரு மன்னிப்பு இருந்தாலும் இருக்கும். இதைச் சொல்லும்போது எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். மூன்று மாதம் நான் சோழியைத் தொடவில்லை. நான்காம் மாதம் ஆட்கள் வந்து வாசலில் நின்றபோது உன் அம்மாவே பலகையை எடுத்துப் போட்டு, தப்புப் பண்ணினது நான், நீங்கள் எதற்கு நிறுத்த வேண்டும் என்றாள். நிறுத்தினால் ஏன் என்று அவள் யோசிப்பாள் என்று பயந்து, திரும்ப உட்கார்ந்தேன். அப்புறம் நீ படித்து வேலைக்குப் போகும்வரை பதினைந்து வருடம் போட்டேன். உன் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், நீ போட்ட செருப்பு, எல்லாம் அதில் வந்ததுதான்.

உன் அம்மா உன்மேல் பாசம் இல்லாதவள் என்று நீ நினைத்தாய். வாய்விட்டும் ஒருமுறை சொன்னாய். பாலிடெக்னிக் விடுதிக்கு நீ கிளம்பின அன்று பெட்டியோடு அவள் முன்னால் வந்து குனிந்து நின்றாய். மற்ற அம்மாக்கள் நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவார்கள். அவள் திருநீற்றுத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "பெத்த புள்ளைக்குத் திருநீறு பூசக்கூட உனக்குக் கை வரலியாம்மா" என்று சத்தம் போட்டுவிட்டு நீ போனாய். அவளுக்குக் கை வரவில்லைதான். நல்ல காரியத்தில் தன் கை பட்டால் கெட்டுப்போகும் என்று முடிவு கட்டியிருந்தாள். உனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையை ராமாத்தாள் கையால்தான் கொடுக்கச் சொல்வாள். உன் கல்யாணத்தில் தாலிக்கு அட்சதை போடும்போது அவள் தூணுக்குப் பின்னால் நின்றதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உன் மகள் பிறந்தபோது சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுக் குழந்தை நாக்கில் சேனை வைக்கச் சொல்லி உன் மனைவி கெஞ்சினாள். உன் அம்மா தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்காக உன் மனைவி இன்றுவரை மனத்தாங்கலாக இருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டு.

ஒரே ஒரு தடவை உண்மை வாய்வரைக்கும் வந்தது. உன் அம்மாவுக்கு ராமேஸ்வரம் போய்த் தலை முழுகினால் பாவம் போகும் என்று யாரோ சொன்னார்கள். உன்னை ராமாத்தாளிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். முழுகிவிட்டுக் கரையோரம் நடந்தபோது, கடலில் தண்ணீர் வற்றிப் பாறை தெரிகிற நேரம், சங்கு சோழி விற்கிற ஆள் ஒருவர் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லின் அடியில் இருந்ததைக் காட்டினார். சுண்டு விரல் நுனியளவு, கறுப்புப் புள்ளியோடிய ஈரத்தோல் ஒன்று கல்லில் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அவர் விரலால் தொட்டார். அந்தத் தோல் இரண்டு பக்கமும் சுருங்கி இறங்கியது, உள்ளே இருந்து மஞ்சளாகச் சோழி முதுகு பளபளத்தது. இரண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததையும் உள்ளே இழுத்துக்கொண்டது. உயிரோடு இருக்கும்போது அது தன் தோலாலேயே ஓட்டைப் போர்த்தி வைத்திருக்குமாம், அதனால்தான் அந்த வழவழப்பு. பிடித்து மணலில் புதைத்து வைத்தால் பத்து நாளில் உள்ளே இருப்பது அழுகிப் போகும், நாற்றம் தாங்காது, அப்புறம் கழுவி விற்போம் என்றார்.

உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சோழியை ஏதோ சாமி கொடுத்த கொட்டை என்று நினைத்திருந்தாள் போல. "இதுக்கு உசுரு இருந்துச்சுங்களா" என்று கேட்டாள். இருந்தது என்றேன். பிறகு, "நத்தைப் பூச்சிங்க இது. இதுக்கு நம்ம புள்ளையப் பத்தி என்னங்க தெரியும். இது பொய் சொல்லலீங்க. பொய் சொன்னது என்ற கைதானுங்க" என்றாள். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என்னங்க என்று திரும்பினாள். முகம் அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது. பசிக்கிறது, ஏதாவது சாப்பிடலாம் என்றேன்.

போன வருடம் ஆடியில் அவள் படுக்கையில் விழுந்தாள். நீ வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். நீ போன பிறகு ஒரு நாள் காலையில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "புள்ளைகிட்டத்தானுங்க போறேன். மொதல்ல அவ காலைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கோணும்" என்றாள். எட்டு வயதுக் குழந்தையின் காலை இவள் பிடிக்க வேண்டுமாம். அப்போதும் சொல்லவில்லை கண்ணு. சாகப்போகிறவளிடம் சொல்லி அவளை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். அது நியாயம் இல்லை. முப்பது வருடத்துக்குமேல் பக்கத்தில் படுத்தவள் கடைசியில் என்னை வெறுத்துவிட்டுப் போய்விடக்கூடாது என்கிற பயம். அவள் மூன்றாம் நாள் போனாள். எழுதிக்கொண்டிருக்கிற பாய் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, இதையும் எழுதத்தான் வேணுங்களா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

உனக்கு வேலை போய்விட்டது எனக்குத் தெரியும். நீ வேலை பார்த்த தறிக்கூடத்தில் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றதைப் பார்த்துவிட்டு வந்து நீ சாப்பிடாமல் படுத்ததும் தெரியும். மகளைப் படிக்க வைக்க வேண்டும், வீட்டு வாடகை இருக்கிறது, வேறு என்னதான் செய்யட்டும் என்று கேட்பாய். என்னிடம் இந்த வீடும் எட்டு சென்ட் இடமும் இருக்கிறது. விற்க வேண்டும் என்றால் நாளைக்கே கைநாட்டு வைக்கிறேன். ஆனால் சோழியை வைத்துப் பிழைக்காதே. ஈயம் ஊற்றாத சோழி வாங்கிப் போடுகிறேன் என்று சொல்லாதே. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கெட்டது விழுகிற அன்று எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்ததும் உன் கையே அரக்கைத் தேடும். நீ என்னைவிட இளகின மனசுக்காரன், உனக்கு இன்னும் சீக்கிரம் தேடும். உன்னிடம் வருகிறவர்கள் போர் போடலாமா, கார் வாங்கலாமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். காய்ச்சலோடு குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஒரு பெண் வருவாள். ஆஸ்பத்திரிக்கா, வேண்டாமா என்று கேட்பாள். எட்டு திறக்கும். அவள் உனக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். கனமான சோழி ஒன்றை எடுத்து அம்மிக் கல்லில் வைத்து, குழவியால் ஓங்கிப் போடு. மெல்லிசாக இருக்கும் ஓடு, ஒரே அடியில் நொறுங்கும். சிவப்பு அரக்கு உருண்டையாகக் கையில் வரும். எட்டையும் உடைத்துப் பார்க்க வேண்டும் என்றாலும் பார். உன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உடை, அவளும் தெரிந்துகொள்ளட்டும், அவள் ஆத்தாவின், உன் அம்மாவின், கையில் ஒரு குற்றமும் இல்லை என்று.

ஒருவேளை நீ உடைக்காமலும் போகலாம். பிள்ளைகள் அப்பன் சொன்னதை எங்கே கேட்கிறார்கள், நான்கூடக் கேட்டதில்லை. போட்டோ மாட்டியாயிற்று, அழைப்பு அனுப்பியாயிற்று, இந்தக் கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நீ நினைக்கலாம். அதனால் நான் இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி, காந்திபுரத்தில் மாறி, நீ கடை திறப்பதற்கு முன்னால் சோமனூர் வந்துவிடுவேன். உன் மாடிப் படியில் முதல் படியில் உட்கார்ந்திருப்பேன். என் முகம்தான் உன் போர்டிலேயே இருக்கிறதே, வருகிறவர்களுக்கு அடையாளம் தெரியும். நீ பலகையைப் போடவில்லை என்றால் உன் மகளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன். நீ போட்டால், படி ஏறுகிற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, எனக்குப் பூங்கொடி என்று ஒரு பெண் இருந்தாள் என்று சொல்லத் தொடங்குவேன்.